எல்லையறியாக் கிருமியும் அதன் வமிசாவளியும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையைக் கடந்தால் பாறசாலை. அதற்கு அப்பால் களியக்காவிளை. முன்னது கேரளத்தின் தென்கோடி. பின்னது தமிழ்நாட்டின் வாயில். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளுக்கு முன் இவ்விரண்டும் ஒரே இராச்சியத்தில் அடங்கியிருந்தன. அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை இராச்சியத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தோடு நின்றது. கோடு வரைந்தாயிற்று. எனினும் கொள்வினை கொடுப்பினையும், சந்தையும், நோயும் மருந்தும் அக்கோட்டுக்குக் கட்டுப்படவில்லை.

நோயாளி எல்லைக்கல்லைப் பார்த்து மருத்துவரைத் தேடுவதில்லை. கல்குளம் தாலுகாவிலுள்ள நெய்யூரில் 1838ஆம் ஆண்டு இலண்டன் மிஷனரி சங்கத்தார் மருத்துவப் பணியைத் தொடங்கினர். 1951இல் திருவனந்தபுரத்தில் மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. விளவங்கோட்டார் திருவனந்தபுரத்துக்கும், பாறசாலைப் பக்கத்தார் குமரி மாவட்டத்து மருத்துவமனைகளுக்கும் இன்றும் சென்று வருகின்றனர். அவர்களோடு சீட்டு வாங்காத பிரயாணியாகக் கிருமியும் போய் வருகிறது. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் இஞ்சிவிளைச் சோதனைச் சாவடியில் மனிதரை நிறுத்த முடிந்தது. கிருமியை நிறுத்த முடியவில்லை.

மருந்துக்கு மசியாத கிருமிகளின் கதை புதியதன்று. 1928இல் பென்சிலினைக் கண்ட அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோதே, மருந்தைக் குறைந்த அளவில் உண்டால் கிருமி அதற்குப் பழகிவிடும் என்று எச்சரித்தார். பென்சிலினுக்கு அடங்காத கிருமிகளை அடக்க மெத்திசிலின் என்ற மருந்து வந்தது. அது வழக்கத்துக்கு வந்த இரண்டொரு ஆண்டுகளிலேயே, 1961இல், அதையும் எதிர்த்து நிற்கும் கிருமி இங்கிலாந்தில் தென்பட்டது. 2019ஆம் ஆண்டில் மட்டும் இத்தகைய எதிர்ப்பாற்றலின் நேர்விளைவாக உலகெங்கும் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டதாக அறிஞர் மதிப்பிட்டுள்ளனர்.

மருத்துவமனையின் ஒரு வார்டில் அடுத்தடுத்து இருவருக்கு இத்தகைய தொற்று காணப்படின், முதலில் எழும் வினா, 'இது எங்கிருந்து வந்தது?' என்பதே. வெளியூரிலிருந்து வந்த நோயாளியின் மேல் ஐயம் விழுவது உலக வழக்கு. பிழைக்கச் சென்ற ஊரில் நோய் பரவும்போது முதற்சொல் யார்மேல் விழும் என்பதை வேற்று மாநிலங்களில் வாழும் நாம் நன்கறிவோம். எந்தெந்த மருந்துக்குக் கிருமி சாகிறது என்று பார்க்கும் பழைய சோதனை ஒன்று உண்டு. சிகிச்சைக்கு அஃது இன்றியமையாதது. ஆயினும் வெவ்வேறு குலத்துக் கிருமிகள் ஒரே மருந்துகளை எதிர்த்து நிற்கக்கூடும் ஆதலின், வழக்கைத் தீர்க்க அச்சோதனை மட்டும் போதாது.

இங்கேதான் மரபணுத்தொகுதியை வாசிக்கும் கலை துணைக்கு வருகிறது. இதன் தத்துவம் தமிழருக்கு அயலானதன்று. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பல ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கினார். ஏடு பெயர்த்தெழுதுவோன் ஓரிடத்தில் பிழை செய்தால், அவன் பிரதியைப் பார்த்து எழுதியவரெல்லாம் அதே பிழையைச் செய்வர். பாடபேதங்களைக் கொண்டு எந்த ஏடு எதிலிருந்து பிறந்தது என்று உய்த்துணரலாம். கிருமியும் தன் மரபேட்டைப் பெயர்த்தெழுதியே பெருகுகிறது. அவ்வேட்டில் உள்ளவை நான்கே எழுத்துகள். கிளெப்சியெல்லா என்னும் கிருமியின் ஏட்டில் அவை 50 இலட்சத்துக்கு மேல் தொடர்ந்து வருகின்றன. இடையிடையே ஓர் எழுத்து பிறழும். பிறழ்ச்சிகள் ஒத்திருந்தால் நெருங்கிய உறவு. மிகவும் வேறுபட்டால் தூரத்துக் குலம்.

அமெரிக்காவின் மேரிலாந்தில் தேசிய சுகாதார நிறுவனத்தின் மருத்துவமனைக்கு 2011 ஜூன் மாதத்தில் நியூயார்க்கிலிருந்து ஒரு நோயாளி வந்தார். அவருடைய உடலில் மருந்தெதிர்க்கும் கிளெப்சியெல்லா இருப்பது தெரிந்தே தனிமைப்படுத்தினர். அவர் வீடு திரும்பிய மூன்று வாரங்களுக்குப் பின் இரண்டாமவருக்குத் தொற்று கண்டது. இடைவெளி நீண்டிருந்ததால், இது வேறு எவரோ வெளியிலிருந்து கொண்டுவந்ததோ என்ற ஐயம் எழுந்தது. மொத்தம் 18 பேருக்குப் பரவியது. 11 பேர் இறந்தனர். அவற்றுள் 6 மரணங்களுக்குக் கிருமியே காரணம் எனக் கண்டனர். மரபேட்டை வாசித்தபோது அனைத்தும் அந்த முதற் கிருமியின் சந்ததியே என்று தெளிவாயிற்று. கிருமி வந்தது வெளியிலிருந்து, பரவியதோ மருத்துவமனைக்குள்ளே. துடைத்து வைத்த சுவாசக் கருவியிலும், கை கழுவும் தொட்டியின் வடிகுழாயிலும் அது குடியிருந்தது.

அதே ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், குறைமாதக் குழந்தைகளைப் பேணும் வார்டில், மெத்திசிலினை எதிர்க்கும் கிருமி பரவியது. 12 குழந்தைகளே தொற்றுற்றதாக முதலில் எண்ணினர். மரபேடுகளை ஒப்பிட்டபின் தொடர்புடையோர் 26 பேர் என்று தெரிந்தது. தாய்மாரும் அவர்களுள் அடங்குவர். வார்டு முழுவதும் ஆழ்ந்து துப்புரவு செய்யப்பெற்றது. கடைசித் தொற்றுக்கு 64 நாள் கழித்து மீண்டும் ஒரு குழந்தையிடம் கிருமி தென்பட்டது. அதுவும் பழைய குலமே. ஊழியர் 154 பேரைச் சோதித்ததில், நோயின் அறிகுறி ஏதுமின்றி ஒருவர் அதைச் சுமந்திருந்தது புலனாயிற்று. அவருக்குச் சிகிச்சை அளித்துத் தொடரை அறுத்தனர்.

நம் நாட்டுக்கு வருவோம். தில்லியில் சிகிச்சை பெற்ற ஒருவரிடம் சுவீடனில் கண்டறிந்த எதிர்ப்பு மரபணுவுக்கு 2009இல் புது தில்லியின் பெயரையே சூட்டினர். ஊரின் பெயரைப் பழியாக ஒட்டுவதா என்று இங்கே கடுங்கண்டனம் எழுந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி முதலாசிரியராக நின்று 2010இல் வெளியிட்ட ஆய்வு இம்மரபணுவைச் சென்னையில் 44 கிருமிகளிடமும், ஹரியானாவில் 26இலும், பிரிட்டனில் 37இலும் காட்டியது. முழு ஏட்டையும் வாசிக்காமல், துண்டு துண்டாக ஒப்பிடும் பழைய முறையே அதில் கையாளப்பெற்றது. ஆயினும் ஓர் உண்மை வெளிப்பட்டது. ஹரியானாவின் கிளெப்சியெல்லாக்கள் ஒரே குலத்தவை. சென்னையின் கிருமிகளோ பல குலத்தவை. ஒரே குலமாயின், ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும் வழியை அடைக்க வேண்டும். பல குலமாயின், குலம் விட்டுக் குலம் தாவும் மரபணுவையும், அதற்கு இடம் கொடுக்கும் மருந்துப் பழக்கத்தையும் நோக்க வேண்டும். நோய் ஒன்றாயினும் பரிகாரம் வேறு.

இன்று பெங்களூர் கெம்பேகவுடா மருத்துவ நிலையத்திலும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் மருந்தெதிர்க்கும் கிருமிகளின் மரபேடுகளை வாசித்து ஆராய்கின்றனர். கேரளம் 2018இல் இதற்கெனச் செயல்திட்டம் வகுத்தது. சீட்டின்றி நுண்ணுயிர்க்கொல்லி விற்பதைத் தடுக்க 2024இல் கடைகளைச் சோதித்தது. பாறசாலையில் இறுக்கிய கட்டு களியக்காவிளையில் தளர்ந்தாலும், அங்கே இறுக்கியது இங்கே தளர்ந்தாலும், பயன் பாதியே.

ஒவ்வொரு தாலுகா மருத்துவமனையிலும் மரபேடு வாசிக்கும் கருவி தேவையில்லை. கிருமியை வளர்த்துச் சோதித்தல், அதன் மாதிரியைப் பத்திரமாக வைத்தல், எந்த நோயாளி எந்தக் கட்டிலில் எத்தனை நாள் இருந்தார் என்று குறித்தல், ஐயுற்றவற்றை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புதல் ஆகிய நான்கும் போதும். குறிப்பேடு இல்லாவிடில் வமிசாவளி ஊமையாகிவிடும். நெய்யாற்றின்கரையில் கண்ட கிருமியும் ஆசாரிப்பள்ளத்தில் கண்ட கிருமியும் உறவா, அன்றா என்பதை இரு மாநில ஏடுகளையும் அருகருகே வைத்தால்தான் அறிய இயலும்.

நம் பங்கும் இதில் உண்டு. மும்பையிலோ தில்லியிலோ மருத்துவமனையில் கிடந்து, மேற்சிகிச்சைக்கு ஊர் திரும்பும் நம்மவர், அங்கே செய்த கிருமிச் சோதனையின் தாளையும், உண்ட மருந்துகளின் பட்டியலையும் கையோடு எடுத்துச் செல்லல் வேண்டும். இன்ன மருத்துவமனையில் இருந்தேன் என்று சேரும்போதே கூறல் வேண்டும். அது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகாது; அடுத்த கட்டிலில் கிடப்பவரைக் காப்பதாகும். அவ்வாறு கூறுபவரை ஒதுக்காமல், கை கழுவித் தொட்டுப் பேணுவது மருத்துவமனையின் கடன்.