இடமிருந்து மூன்றாவது ஆள்

லைப்ஸிக் மிஷன், பாசல் மிஷன் மாதிரியான சபைகளின் பழைய புகைப்படங்களைத் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகம் இணையத்தில் தொகுத்து வைத்திருக்கிறது. ராத்திரி பார்க்க உட்கார்ந்தால் விடிந்துவிடும். தமிழ்நாட்டுக் குரூப் போட்டோக்களில் ஒரு ஒழுங்கு சீக்கிரமே பிடிபடும். நடு நாற்காலியில் இருக்கும் மிஷனரிக்குப் பெயர் உண்டு. சுற்றி நிற்பவர்கள் பல படங்களில் வெறும் ‘உபதேசியார்கள்’, ‘பைபிள் பெண்கள்’, ‘பள்ளிப் பிள்ளைகள்’. வேலை இருக்கிறது, ஆள் இல்லை.

இவர்களுடைய பெயரை யாருமே எழுதவில்லையா என்றால், எழுதினார்கள். அதே மிஷன்தான் எழுதியது. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர், பெற்றோர், ஊர், தேதி எல்லாம் வரும். ஆனால் பதிவேடு சபைக்கானது, இங்கேயே பீரோவில் தங்கிவிட்டது. படம் காணிக்கை கொடுக்கும் ஐரோப்பியர்களுக்கானது, கப்பலேறிப் போய்விட்டது. அவர்களுக்கு முகம் போதும், பெயர் தேவைப்படவில்லை. எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் இரண்டு டேபிள் இருக்கிறது, சேர்க்கிற கீ இல்லை.

தேடுவதிலும் சிக்கல். ஜெர்மன்காரர்கள் யகரத்துக்கு ‘ஜே’ எழுத்தைப் போடுவார்கள். மாயவரம் அவர்கள் தாள்களில் ‘மஜவெரம்’ போலத் தெரியும். சீர்காழி ‘ஷியாலி’. எங்கள் சோழவரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், மோட்டார் பந்தயக்காரர்களுக்கு அது ‘ஷோலவரம்’. ஊருக்கே இந்தக் கதி என்றால் ஞானமுத்துக்கும் தேவசகாயத்துக்கும் எத்தனை எழுத்துக்கூட்டல் இருக்கும்!

முக அடையாள மென்பொருள் இருக்கிறதே என்று நண்பர்கள் கேட்பார்கள். அது ஒரு முகம் இன்னொரு முகத்தைப் போல இருக்கிறது என்று ஒரு எண்ணைத் தரும், அவ்வளவுதான். இரண்டு குரூப் போட்டோக்களில் நிற்பது ஒரே ஆளா என்று யோசிக்க அது உதவும். பெயரை அது எங்கிருந்து கொண்டுவரும்? அதுவும் சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுத்த ஊரில், அண்ணனையும் தம்பியையும், மாமனையும் மருமகனையும் குழப்பிக்கொள்ளும். பின்வரிசை முகம் சில புள்ளிகள்தான்.

எனக்குப் பிடித்த வழி நேர்மாறானது. பெயர் தெரிந்த அந்த வெள்ளைக்காரரையே பிடிக்க வேண்டும். அவர் அந்த ஊரில் எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை இருந்தார் என்பது மிஷன் ஆவணங்களில் கிடைக்கும். அட்டையில் ஸ்டூடியோ முத்திரை இருந்தால் காலம் இன்னும் குறுகும். பிறகு அந்த வருடங்களின் உபதேசியார் பட்டியல், சம்பளக் கணக்கு, பதிவேடு. நானூறு பேரில் தொடங்கி ஆறு பேரில் வந்து நிற்கலாம்.

அந்த ஆறு பேரில் ஒருவரைச் சட்டென்று தேர்ந்தெடுத்துவிடக் கூடாது என்பதுதான் கஷ்டம். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் மதராஸ் மாகாணத்து மக்களை ஹூப்பர் எடுத்த படங்களை, 1943 வங்காளப் பஞ்சம் என்று இன்றும் பகிர்கிறார்கள். பசித்துச் செத்த நம் ஊர்க்காரர்கள் வேறொரு பஞ்சத்தின் பிணங்களாகிவிட்டார்கள். வெற்றிடமாக இருந்தால் யாராவது தேடுவார்கள். தப்பான பெயர் ஏறிவிட்டால் தேடல் அங்கேயே நின்றுவிடும். ஆகவே ‘இருக்கலாம்’ என்றே எழுத வேண்டும். யார் சொன்னது, எப்போது சொன்னது, எதை வைத்துச் சொன்னது என்பதும் கூடவே போக வேண்டும்.

செங்குன்றம், சோழவரம் பக்கத்து ஆலயங்களில் ஐம்பது அறுபது வருடத்துக் குரூப் போட்டோக்களுக்கு இந்தப் பாடெல்லாம் வேண்டாம். ஆராதனை முடிந்ததும் ஒரு பாட்டியிடம் காட்டினால் போதும். ஐயரை விட்டுவிட்டு, கடைசி வரிசையில் முக்காடு போட்டவளின் பெயரைத்தான் முதலில் சொல்வாள், எந்த வீட்டில் வாழ்க்கைப்பட்டாள் என்பதோடு. படத்தின் பின்னால் மெல்லிய பென்சிலில், அழுத்தாமல் எழுதிக்கொள்ளுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், முன்பக்கம் தடம் விழும்.