ஸ்டெப்னியும் ரன்-பிளாட் டயரும்

1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கியபோதே பஞ்சரும் உடன் பிறந்துவிட்டது. கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் திருவண்ணாமலை மாட வீதிகளில் வலம் வரும் ஐந்து தேர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. அவற்றின் சக்கரங்களில் காற்று இல்லை. அவற்றுக்கு வேகமும் தேவையில்லை. மோட்டார் காருக்கு அந்த வசதி வாய்க்கவில்லை.

தொடக்க காலக் கார்களில் சக்கரத்தைக் கழற்றி மாற்ற வழியில்லை. நடுரோட்டில் டயரைப் பிரித்து, டியூபை ஒட்டி, கையால் காற்றடிக்க வேண்டும். 1904இல் வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் தொழில் நடத்திய டேவிஸ் சகோதரர்கள், ஆரக்கால் இல்லாத வளையத்தில் டயரை மாட்டி, பஞ்சரான சக்கரத்தின் பக்கவாட்டில் இறுக்கிப் பூட்டும் முறையைக் கண்டுபிடித்தார்கள். கழற்றி மாட்டும் சக்கரங்கள் பரவியதும் அது வழக்கொழிந்தது. ஆனால் உதிரிச் சக்கரத்துக்கு ஸ்டெப்னி என்ற பெயரை மட்டும் நம் ஊர் டிரைவர்கள் விடவில்லை.

ஸ்போர்ட்ஸ் காருக்கு ஸ்டெப்னி என்றுமே பாரம்தான். எடையும் கூடும், இடமும் போகும். 1970களில் போர்ஷே 911 காற்றில்லாமல் மடங்கிக் கிடக்கும் ஒரு டயரையும், அதற்குக் காற்றடிக்கச் சிறு மின் பம்பையும் தந்து சமாளித்தது. பின்னாளில் முன் டயர் ஓர் அளவு, பின் டயர் வேறோர் அளவு என்று ஆனபோது, எந்த ஒரு ஸ்டெப்னியும் நான்கு மூலைக்கும் பொருந்தாது என்ற நிலை வந்தது.

அதே 1970களில் டன்லப் நிறுவனம், காற்று போனாலும் சிறிது தூரம் ஓடக்கூடிய ரன்-பிளாட் வகையில், டெனோவோ என்ற டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. காற்று இறங்கியதும் உள்ளே இருக்கும் குப்பிகளிலிருந்து மசகுத் திரவம் கசிந்து, டயர் உராய்ந்து எரியாமல் காக்கும். தனி ரிம் தேவைப்பட்டது, விலையும் அதிகம்; அதனால் நிலைக்கவில்லை. நிலைத்தது பக்கச் சுவரைத் தடித்த ரப்பரால் வலுப்படுத்திய வகைதான். 1997ஆம் ஆண்டு மாடல் ஷெவர்லே கார்வெட், ஸ்டெப்னியே இல்லாமல் குட்இயர் நிறுவனத்தின் இத்தகைய டயர்களுடன் வந்தது. காற்று போனதை ஓட்டுபவரால் கையில் உணர முடியாது என்பதால், டயர் அழுத்தத்தைக் காட்டும் சென்சாரும் கட்டாயமாயிற்று. காற்றில்லாமல் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் 80 கி.மீ. தூரம் என்பது இன்று பரவலான வரம்பு. அதற்கு மேல் போனால் சூட்டில் ரப்பர் சிதையும்.

பல மாடல்களில் ரன்-பிளாட் டயர் பொருத்திய பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தின் ஆலை தமிழ்நாட்டில் 2007இல் செங்கல்பட்டு அருகே மகிந்திரா சிட்டியில் தொடங்கியது. ஆலையை ஒட்டிய நெடுஞ்சாலையில் தெற்கே போய், திண்டிவனத்தில் திரும்பி, செஞ்சி வழியாகத் திருவண்ணாமலையை அடையலாம். திண்டிவனத்தில் ஆணி குத்தினாலும் மிச்சமுள்ள தூரம் 80 கி.மீ.க்குள்தான், ரன்-பிளாட் டயர் ஊர் சேர்த்துவிடும். சிக்கல் அதன் பிறகு. காற்றில்லாமல் ஓடிய டயரைப் பொதுவாக ஒட்டிப் பயன்படுத்துவதில்லை, புதிது வாங்க வேண்டும். அபூர்வ அளவுள்ள டயருக்குச் சென்னையைத்தான் நாட வேண்டும் என்றால், அது ஏறக்குறைய 190 கி.மீ. தொலைவு. அந்த 80 கி.மீ. கணக்கு, டயர் கடை பக்கத்திலேயே இருக்கும் நாடுகளுக்குப் போட்ட கணக்கு.

2020 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. அழுத்தச் சென்சாரும் டியூப்லெஸ் டயருக்கான பஞ்சர் கிட்டும் இருந்தால், 3.5 டன் வரையுள்ள பயணிகள் காருக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. ஆணி போட்ட ஓட்டையை அந்தக் கிட் அடைக்கும். பள்ளத்தில் இறங்கிப் பக்கச் சுவர் கிழிந்தால் அதனால் பயனில்லை. ஸ்டெப்னி இல்லாத கார் இழுவை வண்டிக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.