பொலிகுதிரையும் பொலிகாளையும்

ஆரணி என்றவுடன் பட்டுத்தறியின் ஓசையே நம் நினைவுக்கு வரும். இவ்வூரின் வரலாற்றை ஆராய்வோர்க்கோ குதிரைகளின் குளம்பொலியும் கேட்கும். 1751 டிசம்பரில் இராபர்ட் கிளைவ் ஆரணிக்கருகே பெற்ற வெற்றியில் முராரி ராவின் மராத்தியக் குதிரை வீரர் ஏறத்தாழ 600 பேருக்குப் பெரும்பங்கு உண்டு. 1782 ஜூன் மாதத்தில் இதே ஆரணியின் எல்லையில் ஐதர் அலியும் சர் அயர் கூட்டும் பொருதனர். ஐதரின் குதிரைப்படை விரைந்து வந்து விரைந்து மறையும்; கூட்டிடமோ அதனைத் துரத்திச் செல்லப் போதிய குதிரைகள் இல்லை. களத்தில் வென்றும் வெற்றியின் பயனைக் கொள்ள முடியாத நிலை அது. அப்போர்களுக்குப் பின்னர், 1780களில், கம்பெனி சென்னைக்கெனத் தனிக் குதிரைப்படையை அமைத்துக்கொண்டது. படை அமைந்ததும் ஒரு வினா எழுந்தது: குதிரைகள் எங்கிருந்து வரும்?

இவ்வினா தமிழகத்திற்குப் புதியதன்று. கடல் வழியே குதிரைகள் காவிரிப்பூம்பட்டினத்தில் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை குறிக்கின்றது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற அமைச்சரே மாணிக்கவாசகரானார் என்பது சமய மரபு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஓர்மசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து அரசர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்கினர் என்றும், ஆண்டிறுதியில் அவற்றுள் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் எழுதினார். சோறும் இறைச்சியும் தீனியாக இடப்பட்டதையும், குதிரை மருத்துவம் அறிந்தோர் இல்லாமையையும் அவர் சுட்டுகின்றார். உயர்சாதி ஆண் குதிரையை உயர்சாதிப் பெட்டையோடு சேர்த்தாலும் இந்நாட்டில் பிறக்கும் குட்டி கால் கோணிப் பயனற்றதாகிவிடும் என்ற அவர் கூற்று நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. அக்கூற்றில் மிகை இருக்கலாம். ஆயினும் வெப்பமும் ஈரமும் மிக்க கரையோர நிலம் குதிரைக்கு ஏற்றதன்று என்னும் உண்மை அதனுள் அடங்கியுள்ளது.

கம்பெனியார் இத்தடையைப் பொலிகுதிரைகளைக் கொண்டு கடக்க எண்ணினர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பீகாரின் பூசாவில் குதிரைப் பண்ணை ஒன்று தோன்றியது. உயர்ந்த ஆண் குதிரைகளை அரசு பேணும். உழவரும் சமீன்தாரும் தம் பெட்டைகளைக் கொண்டுவந்து சேர்க்கலாம். பிறக்கும் குட்டிகளுள் தேறியவற்றை அரசே விலைக்குக் கொள்ளும். இதுவே திட்டத்தின் சாரம். 1808இல் பொறுப்பேற்ற கால்நடை மருத்துவர் வில்லியம் மூர்கிராஃப்ட், பண்ணையில் ஓட்சுப் பயிரிட்டுத் தீனியைச் செம்மை செய்தார். நல்ல பொலிகுதிரைகள் போதாமையால் அவற்றைத் தேடி நடு ஆசியாவின் புகாரா வரை பயணம் செய்தார். திரும்பும் வழியில் 1825இல் ஆப்கானிய மண்ணிலேயே மடிந்தார். ஒரு பொலிகுதிரைக்காக அரசு எவ்வளவு தொலைவு செல்ல ஆயத்தமாயிருந்தது என்பதற்கு இவர் வாழ்வே சான்று.

தென்னகத்தில் இம்முயற்சியின் அடையாளமாக நிற்பது ஓசூர். அன்றைய சேலம் மாவட்டத்தின் மேட்டுநிலமான ஓசூரை அடுத்த மத்திகிரியில், 1824இல் 1,600 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் படைக்குதிரைகளுக்கான நிலையம் அமைந்தது. மேட்டுநிலக் குளிர்ச்சியும் புல்வெளியும் குதிரைக்கு உகந்தன. எனினும் படையின் தேவையை உள்நாட்டு வளர்ப்பு நிறைவு செய்யவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சிலிருந்து 'வேலர்' எனப்பட்ட குதிரைகள் கப்பல் கப்பலாகச் சென்னைக்கு வந்தன. பாண்டியர் காலத்து நிலையே, துறைமுகமும் வணிகரும் மாறியதைத் தவிர, மீண்டும் தொடர்ந்தது.

திட்டம் தளர்ந்ததன் காரணத்தை உழவனின் களத்தில் நின்று காண வேண்டும். தமிழ் உழவன் ஏர் பூட்டியதும், கவலை இறைத்ததும், வண்டி கட்டியதும், கதிர் மிதித்ததும் மாட்டைக் கொண்டே. குதிரையின் சினைக்காலம் பதினொரு திங்கள். பிறந்த குட்டி சேணம் தாங்க நான்காண்டு ஆகும். அதுவரை கொள்ளும் புல்லும் இட்டு வளர்ப்பவன் உழவன். விலை குறிப்பவன் அதிகாரி. குட்டி தேறவில்லையெனில் அதனை உழவில் பூட்டவும் இயலாது. பசுவின் கன்று காளையானால் ஏருக்கு, கிடாரியானால் பாலுக்கு. இவ்விரு கணக்கையும் அறிந்தவன் எதைத் தேர்வான் என்பதற்கு விளக்கம் வேண்டா.

விருப்பத்தால் வாராததை நிலத்தைக் காட்டிப் பெற அரசு முயன்றதும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாபின் சீலம் கால்வாய்க் குடியேற்றத்தில், பெட்டைக் குதிரையொன்றைப் பேணி அரசுப் பொலிகுதிரையோடு சேர்க்கும் கடப்பாட்டின்மீதே பெருமளவு நிலம் வழங்கப்பட்டது. அந்நிலம் பிரிவுபடாமல் ஒரே மகனுக்குச் செல்ல வேண்டும் என்ற விதியும் உடன் வந்தது. மக்கள் யாவருக்கும் சமபங்கு என்னும் மரபில் ஊறிய குடும்பங்களில் அவ்விதி உடன்பிறந்தாரைப் பகைவராக்க வல்லது. கால்வாய்க் குடியேற்றங்களின் மீதான அரசின் கட்டுப்பாடுகளை எதிர்த்து 1907இல் பஞ்சாப் கொந்தளித்தது. புதிய குடியேற்றச் சட்ட முன்வரைவுக்கு இசைவளிக்க வைசிராய் மின்டோ மறுத்தார். ஒரு குதிரைக்குட்டிக்காக ஒரு குடும்பத்தின் வாரிசுமுறையையே அரசு மாற்றத் துணிந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

இவ்வரலாற்றின் முடிவு வியப்புக்குரியது. வங்காளக் குதிரைப் பண்ணைத்துறை 1870களில் கலைக்கப்பட்டது. பூசாவின் அதே நிலத்தில் 1905இல் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. ஓசூர் நிலையம் 1924இல் படைத்துறையினின்று குடிமைத்துறைக்கு மாறிக் கால்நடைப் பண்ணையாயிற்று. குதிரை விட்டுச்சென்ற இரு கொட்டில்களிலும் இறுதியில் உழவே குடிபுகுந்தது.

குதிரைக்கு நிகழ்ந்தது காளைக்கு நிகழவில்லை. காங்கேயம் பகுதியில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தினர் தலைமுறைகளாகத் தேர்ந்த பொலிகாளைகளைப் பேணி வந்தனர். அவர்தம் தொழுவத்துக் காளைகளுக்கு உழவரிடையே பெருமதிப்பு இருந்தது. சிற்றூர்களில் இறைவனுக்கென நேர்ந்துவிடப்பட்ட கோயில்காளை ஊர்ப் பசுக்கள் அனைத்துக்கும் பொதுவான பொலிகாளையாக விளங்கியது. அதன் மேய்ச்சலுக்கு எவரும் தடை சொல்லார். அதன் கன்றுக்கு எவரும் விலை கேளார். ஆங்கிலேய அரசும் காலந்தாழ்ந்தே இவ்வழிக்கு வந்தது. 1926 முதல் 1928 வரை இந்திய வேளாண்மையை ஆராய்ந்த அரச ஆணையத்தின் தலைவர் லின்லித்கோ, 1936இல் வைசிராயாக வந்தவுடன், செல்வர்கள் பொலிகாளைகளை ஊர்களுக்கு நன்கொடையாக வழங்க வேண்டுமென வேண்டினார்; தாமும் காளைகளை வாங்கி அளித்தார். அரசியல் உரிமை கேட்டவர்க்குக் காளை தருகின்றார் என்று எள்ளியோரும் உண்டு. எள்ளலில் நியாயம் இருந்தது. ஆயினும் குதிரைத் திட்டம் நூறாண்டுக்கு மேல் உணராத ஒன்றை அவ்வேண்டுகோள் உணர்ந்திருந்தது: கொடுப்பவன் தேவைக்கன்றி வளர்ப்பவன் தேவைக்கே பொலிவிலங்கு அமைய வேண்டும்.

இவ்வுண்மை நமக்கும் உரியது. உழவு இயந்திரமும் மின்னிறைப்பியும் வந்தபின் காளையின் வேலை குறைந்தது. பால் பெருக்கம் ஒன்றே குறிக்கோளானபின் செயற்கைமுறைக் கருவூட்டல் பரவியது. பசுவை வளர்ப்போர் காளையைக் காணவேண்டிய தேவையே இல்லாமற் போயிற்று. 2014இல் உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டைத் தடை செய்ததையும், 2017 சனவரியில் இளைஞர் மெரினாவில் திரண்டதையும் நாடறியும். அக்கிளர்ச்சியின் உள்ளே நின்ற வினா, எக்காளை எஞ்ச வேண்டும், அதனை முடிவு செய்பவர் யார் என்பதே. 2023இல் நீதிமன்றம் தமிழகச் சட்டத்தை ஏற்றது. சட்டம் களத்தைக் காக்கும். தொழுவத்தைக் காப்பது உழவரின் வாழ்வாதாரம் ஒன்றே.

நம் சிற்றூர் எல்லைகளில் ஐயனாரின் மண்குதிரைகள் விழி உருட்டி நிற்கின்றன. குதிரை நமக்குத் தெய்வத்தின் ஊர்தியாயிற்று, அரசனின் ஊர்தியுமாயிற்று, உழவனின் துணையாகவில்லை. அத்துணைமை காளைக்கே வாய்த்தது. ஆரணி வட்டாரத்தில் மாட்டின் சுழி பார்க்கவும், நிறமும் கொம்பும் கண்டு தரம் கூறவும் அறிந்த முதியோர் இருக்கும்போதே அவர்தம் சொற்களைத் தொகுத்து வைப்பது இலக்கிய அமைப்புகளின் கடமை. போர்களின் நாட்களை ஆவணங்கள் காத்துவிட்டன. தொழுவத்தின் சொற்களைக் காக்க நம்மையன்றி வேறு எவரும் இலர்.