தார் இல்லாத தார் ரோடு

ஒரகடம் கூட்டுரோட்டில் வரிசைகட்டி நிற்கும் லாரிகளில் சரக்கை மூடியிருப்பது தார்ப்பாய். அதில் துளி தார் கிடையாது, பெரும்பாலும் பிளாஸ்டிக். ஸ்ரீபெரும்புதூருக்கும் சிங்கப்பெருமாள் கோவிலுக்கும் நடுவே அந்த லாரிகள் ஓடுவது தார் ரோட்டில். அதிலும் தார் இல்லை. இல்லாத பொருளின் பெயர் இரண்டிலும் எப்படி ஒட்டியது என்று தேடத்தான் அகராதிக்குள் இறங்கினேன்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924–1936) தார் என்பதற்கு மாலை, பூவரும்பு, முன்னணிப் படை, கிளிக்கழுத்தின் வரை என்று அடுக்குகிறது. பாண்டியனின் வேப்பந்தார் இந்தக் கணக்கில் சேரும். கறுப்புப் பிசுக்கோடு இவற்றுக்கு ஒட்டுமில்லை, உறவுமில்லை. வாழைத்தாரும் உதவாது, அது பழைய ‘தாறு’.

துப்பு கிடைத்தது பைபிளில். ஹென்றி பவர் குழு 1871-இல் முடித்த தமிழ்ப் பதிப்பில், நோவாவின் பேழைக்கும் குழந்தை மோசேயின் நாணற்பெட்டிக்கும் பூசப்பட்ட பிசுக்கின் பெயர் கீல். பாபேல் கோபுரத்தில் சாந்துக்குப் பதிலாக நிலக்கீல். லெக்சிகனிலும் கீல் இருக்கிறது. இன்றோ கீல் என்றால் கதவும் கீல்வாதமும்தான் நினைவுக்கு வருகின்றன.

கீலின் இடத்தைப் பிடித்த தார் ஆங்கிலத்திலிருந்து வந்தது. பழைய ஆங்கிலத்தில் அது ‘தெயோரு’. மரத்தைக் குறிக்கும் இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து பிறந்ததாக மொழியியலார் சொல்கிறார்கள். சம்ஸ்கிருத ‘தாரு’வும் அதே வேர்தான். ஆக, நம் தேவதாருவுக்கு இது தூரத்துச் சொந்தம்! காரணம் பொருளிலேயே இருக்கிறது: பைன் கட்டையை மூட்டம் போட்டால் வடிவதுதான் முதல் தார். ஸ்வீடன், பின்லாந்து காடுகளிலிருந்து அது பிரிட்டிஷ் கப்பல்களின் கயிறுகளுக்குப் போனது. அதைப் பூசிய துணி டார்பாலின். அந்தப் ‘பாலினை’ப் ‘பாய்’ ஆக்கிய பெயரறியாத் தமிழருக்கு ஒரு சலாம். கப்பலில் விரிவதும் பாய்தானே.

பிறகு நிலக்கரித் தார் வந்தது. 1856-இல் வில்லியம் பெர்கின் செய்த ஊதாச் சாயத்துக்கு மூலம் அதுதான். பாச்சை உருண்டையும் அதிலிருந்து வந்தது. 1902-இல் எட்கர் ஹூலி அதைக் கல்லோடு கலந்து சாலை போடக் காப்புரிமை பெற்றார். பின்னாளில் கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் மிஞ்சும் பிட்டுமின் தாரின் இடத்தைப் பிடித்தது. 1969-இல் ஓடத் தொடங்கிய மணலி சுத்திகரிப்பு ஆலையும் அதைத் தயாரிக்கிறது. பொருள் மாறியது, பெயர் மாறவில்லை.

பேச்சில் தார் ரோடு இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் நிலக்கரித் தார் புற்றுநோய் தரும் பொருள் என்று உறுதியானது. பிட்டுமின் புகையும் நல்லதல்ல என்றாலும் அது வேறு பொருள். டிரம்மைக் காய்ச்சுபவருக்கு உள்ளே இருப்பது எது என்று தெரிய வேண்டும். ஒப்பந்தப்புள்ளி எழுதுகிறவர்களே, பாடநூல் எழுதுகிறவர்களே, பிட்டுமினுக்கு நிலக்கீல் என்றே எழுதுங்கள்.