கம்பளி ஆய்வகமும் சாயப்பட்டறையும்

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர்களுக்கு 'அசோ டெஸ்ட்' என்ற வார்த்தை நன்றாகவே தெரியும். வெளிநாட்டு ஆர்டர் என்றால் அந்த ரிப்போர்ட் இல்லாமல் சரக்கு கப்பலேறாது. அந்தச் சோதனைக்குப் பின்னால் ஒரு சுவையான வரலாறு இருக்கிறது.

முதலில் பிரச்சினை என்ன என்று பார்ப்போம். 1895இல் பிராங்க்ஃபர்ட் நகர மருத்துவர் லுட்விக் ரேன், சாயத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வருவதைக் கண்டு சொன்னார். சில அசோ சாயங்கள் உடைந்தால் பென்சிடின் போன்ற நச்சு அமின்கள் வெளிவரும். நூறாண்டு கழித்து, 1994இல் ஜெர்மனி அத்தகைய சாயங்களுக்குத் தடை விதித்தது. 1997இல் இந்தியாவும் தடை செய்தது. 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என வரம்பு வைத்தது.

சோதனை இப்படித்தான்: துணியை வெட்டி, 70 டிகிரி சூட்டில் சோடியம் டைதயோனைட்டோடு சேர்த்தால் சாயம் உடையும். வெளிவரும் அமின்களை எச்.பி.எல்.சி. கருவியில் பிரித்துப் பார்ப்பார்கள். சிக்கல் இங்கேதான்! 2-நாப்தைலமின் தடைப் பட்டியலில் உண்டு, 1-நாப்தைலமின் இல்லை. இரண்டுக்கும் ஒரே எடை, ஏறக்குறைய ஒரே குணம். இரண்டும் ஒட்டி வந்தால் நல்ல துணி 'ஃபெயில்' ஆகும், அல்லது கெட்ட துணி தப்பிவிடும். முன்னதில் ஒருவரின் பிழைப்பு போகும். பின்னதில் ஒருவரின் உடம்பு.

எனவே பிரிப்பு துல்லியமாக இருக்க வேண்டும். மெத்தனாலின் அளவு, பி.எச்., வெப்பம் எல்லாவற்றையும் சரியாக அமைக்க வேண்டும். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் போதாதா? போதாது. புளி கூடினால் உப்பும் கூட வேண்டும் என்று நம் அம்மாக்களுக்குத் தெரியும். அதேபோல் பி.எச். குறைந்தால் அமின்கள் மின்னூட்டம் பெற்றுச் சீக்கிரம் வெளியேறிவிடும். அப்போது மெத்தனாலையும் குறைத்தாக வேண்டும். ஒன்றை நிறுத்தி வைத்து மற்றதை மாற்றினால் இந்த உறவு கண்ணில் படாது.

இதற்கு வழி காட்டியவர் ரொனால்டு ஃபிஷர். 1919இல் ராத்தம்ஸ்டெட் விவசாயப் பண்ணையில் சேர்ந்தவர். எல்லாக் காரணிகளையும் ஒரே நேரத்தில் மாற்றச் சொன்னார். மூன்று காரணிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலைகள் என்றால் 8 சோதனைகள். ஒவ்வொரு காரணியின் விளைவையும் நான்குக்கு நான்கு என்று ஒப்பிடலாம். தனித்தனியாக மாற்றி இதே துல்லியம் பெற 16 சோதனைகள் வேண்டும்.

1947இல் நம் சி.ஆர். ராவ் ஆர்த்தோகனல் அரே என்ற அட்டவணைகளை வகுத்தார். அவற்றைக் கொண்டு 7 காரணிகளை, 128க்குப் பதில் 8 சோதனைகளில் வடிகட்டலாம். (காரணிகளின் கூட்டு விளைவுகள் அதில் கலந்துவிடும் என்பதையும் மறக்கக் கூடாது.) 1951இல் ஜார்ஜ் பாக்ஸும் கே.பி. வில்சனும், படிப்படியாகச் சிறந்த நிலையை எட்டும் முறையை வெளியிட்டார்கள். அவர்கள் வேலை பார்த்தது எங்கே தெரியுமா? இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனியின் சாயப் பிரிவில்!

இன்னொரு ஆச்சரியம். இன்றைய குரோமட்டோகிராபிக்கு அடித்தளமான பங்கீட்டு முறையை 1941இல் மார்ட்டினும் சிஞ்சும் லீட்ஸ் நகரின் கம்பளி ஆய்வகத்தில் உருவாக்கினார்கள். கம்பளியில் உள்ள அமினோ அமிலங்களைப் பிரிக்கத்தான் அந்த முயற்சி. 1952இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, கம்பளியில் பிறந்த பிரிப்பு, வயலில் பிறந்த கணக்கு, சாயத் தொழிலில் வளர்ந்த உத்தி. துணியை நம்பிப் பிழைக்கும் நம் ஊருக்கு இவை அந்நியமில்லை. வேதியியல் படிக்கும் நம்மில் பலர் புள்ளியியல் தாளைப் 'பாஸ் மார்க்' வாங்கினால் போதும் என்று ஒதுக்குகிறோம். சாயப்பட்டறையில் வாளி தூக்கும் அண்ணனின் உடம்பு அந்தக் கணக்கையும் நம்பித்தான் இருக்கிறது.