ஆக்சிஜனும் இரண்டு கணக்குகளும்

1942-இல் பாஸ்டன் கண் மருத்துவர் தியோடர் டெர்ரி, குறைமாதத்தில் பிறந்து பிழைத்த குழந்தைகளின் கண்ணுக்குள், வில்லைக்குப் பின்னால் வெண்ணிறத் திசு வளர்ந்திருப்பதைப் பதிவு செய்தார். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் உலகெங்கும் ஏறத்தாழ 10,000 குழந்தைகளின் பார்வையை அந்த நோய் பறித்தது. 1950-இல் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டரும் அவர்களில் ஒருவர். விந்தை என்னவென்றால், நவீன இன்குபேட்டர்களும் தாராளமான ஆக்சிஜனும் இருந்த மருத்துவமனைகளில்தான் இந்நோய் மிகுந்திருந்தது.

காரணம் தெரியாத நிலையில் கைக்குக் கிடைத்த மருந்தையெல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். நியூயார்க்கின் பேபீஸ் மருத்துவமனையில் வில்லியம் சில்வர்மேனும் சக மருத்துவர்களும் ஏசிடிஎச் என்ற ஹார்மோனைக் கொடுத்த 31 குழந்தைகளில் 25 பேர் நல்ல பார்வையோடு வீடு திரும்பினர். அதே நகரின் லிங்கன் மருத்துவமனையில் அந்த ஹார்மோன் பெறாத ஏழு குழந்தைகளில் ஒன்றுதான் பார்வை இழந்தது. இந்த முரண் சில்வர்மேனை உறுத்தியது. குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கிச் சோதித்தார்கள். மருந்து பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பார்வை இழந்தனர். பெறாதவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர். இறப்பும் மருந்துப் பிரிவில்தான் கூடுதல். தொடக்க நிலையில் இந்நோய் பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும் என்பது அப்போதுதான் விளங்கியது. தன் மருத்துவமனையின் வெற்றியைத் தானே சந்தேகித்த அந்த நேர்மைக்கு எத்தனையோ குழந்தைகள் கடன்பட்டிருக்கிறார்கள்.

1951-இல் மெல்பர்னில் கேட் கேம்ப்பெல், ஆக்சிஜனே காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். வாஷிங்டனில் அதைச் சோதிக்க முயன்றபோது, ஆக்சிஜனைக் குறைத்தால் குழந்தைகள் இறந்துபோகும் என்று அஞ்சிய செவிலியர் சிலர் இரவில் குழாயைத் திறந்துவிட்டனர். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. 1953-இல் அமெரிக்காவின் 18 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு ஐயத்தைத் தீர்த்தது: ஆக்சிஜனைக் கட்டுப்படுத்தினால் பார்வையிழப்பு பெரிதும் குறைகிறது, இறப்பு கூடவில்லை. 1954-இல் முடிவு வெளியானதும் 40 விழுக்காட்டுக்கு மேல் ஆக்சிஜன் கூடாது என்பது பல வார்டுகளில் எழுதாத சட்டமாயிற்று.

ஆனால் அந்த ஆய்வில் குழந்தைகள் சேர்க்கப்பட்டது பிறந்து 48 மணி நேரம் கழிந்த பிறகு. குறைமாதக் குழந்தைகள் மிக அதிகமாக இறப்பது முதல் இரண்டு நாட்களில்தான். அந்த இறப்புகள் ஆய்வின் ஏட்டில் ஏறவே இல்லை.

விலை பின்னால் தெரிந்தது. பிறந்த முதல் நாளில் நேர்ந்த இறப்புகளின் பழைய பதிவுகளை ஆராய்ந்த லண்டன் அறிஞர் கென்னத் கிராஸ், காப்பாற்றப்பட்ட ஒவ்வொரு பார்வைக்கும் ஏறத்தாழ 16 உயிர்கள் போயிருக்கலாம் என்று 1973-இல் மதிப்பிட்டார். அது மதிப்பீடுதான், துல்லியமான எண்ணிக்கை அல்ல. ஆனாலும் கண்ணை எண்ணிய ஆய்வு முதல் இரண்டு நாட்களில் போன உயிரை எண்ணத் தவறியது என்ற குற்றச்சாட்டுக்கு இன்றுவரை பதில் இல்லை.

அரை நூற்றாண்டு கழித்து அதே கேள்வி திரும்பி வந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 85 முதல் 89 விழுக்காடு வரை போதுமா, 91 முதல் 95 வரை வேண்டுமா? இம்முறை அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் தனித்தனியே நடந்த ஐந்து ஆய்வுகளின் குழுவினர், முடிவுகள் கைக்கு வருமுன்பே எதை அளப்பது, எந்த வயதில் அளப்பது என்று பேசி ஒத்துக்கொண்டார்கள். 2018-இல் ஐந்தையும் இணைத்தபோது 4,965 குழந்தைகளின் தரவு ஒரே அளவுகோலில் நின்றது. இறப்பையும் பெரும் ஊனத்தையும் ஒன்றாகக் கூட்டினால் இரு பிரிவுக்கும் பெரிய வேறுபாடில்லை. பிரித்துப் பார்த்தால் கதை வேறு: குறைந்த செறிவில், பார்வையைப் பறிக்கும் அதே விழித்திரை நோய் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு முற்றுவது குறைவு, ஆனால் இறப்பு 19.9 விழுக்காடு, கூடிய செறிவில் 17.1. ஐந்து குழுக்களும் தத்தம் விருப்பப்படி எண்ணியிருந்தால் இந்த வேறுபாடு இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது.

அந்தப் பொது அளவுகோலைப் பச்சிளங்குழந்தை ஆய்வு முழுமைக்கும் விரிக்கும் முயற்சி 2020-இல் ஒரு பட்டியலாக வெளிவந்தது. உயிர்பிழைத்தல், ரத்தத் தொற்று, குடல் அழற்சி, மூளைப் பாதிப்பு, விழித்திரை நோய், நாட்பட்ட நுரையீரல் நோய், பார்வை, செவித்திறன், உடலியக்கம், அறிவாற்றல், சிகிச்சையின் தீய விளைவுகள், வாழ்க்கைத்தரம் எனப் பன்னிரண்டு. மருத்துவர்களோடும் செவிலியர்களோடும் பெற்றோரும், ஒருகாலத்தில் இன்குபேட்டரில் கிடந்து வளர்ந்தவர்களும் அதைத் தேர்ந்தார்கள். ஆனால் எதை அளப்பது என்பதில் ஒத்துப்போனாலும் எப்படி அளப்பது என்பது வேறு வேலை. பிறந்து 28 நாளாகியும் ஆக்சிஜன் தேவைப்படும் குழந்தைக்கு நாட்பட்ட நுரையீரல் நோய் என்றது பழைய வரையறை. கருவுற்ற காலத்தையும் சேர்த்து 36 வாரம் நிறையும்போதும் தேவைப்பட்டால்தான் நோய் என்றது 1988-இல் வந்த மற்றொன்று. 27 வாரத்தில் பிறந்து ஆறு வாரம் ஆக்சிஜன் பெற்ற குழந்தை முதல் கணக்கில் நோயாளி, இரண்டாவதில் நோயற்றது.