கருக்காக்குறிச்சிப் பானையும் யவனர் திராட்சைத் தோட்டமும்

1898-ஆம் வருடம். அப்போதைய புதுக்கோட்டை சமஸ்தானத்தில், ஆலங்குடிப் பக்கம் இருக்கும் கருக்காக்குறிச்சியில் ஒரு பானை கிடைத்தது. உள்ளே 501 ரோமானியத் தங்கக் காசுகள். அகஸ்டஸ் காலத்திலிருந்து வெஸ்பாசியன் காலம் வரை அச்சானவை. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்கு மேலேயே ஒரு வெட்டு. செல்லாக்காசாக்கி வெறும் தங்கமாக எடை போடுவதற்காக வெட்டியிருக்கலாம் என்பது ஒரு கருத்து.

மிளகு கொடுத்தோம், தங்கம் வந்தது என்று பள்ளிப் புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடும். ஏன் தங்கம்? பதிலுக்குச் சரக்கு கொடுத்திருக்கலாமே?

கொடுத்தார்கள். அதில் ஒன்று திராட்சை மது. யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள மதுவைப் பாண்டியன் நன்மாறன் தினமும் பொற்கிண்ணத்தில் அருந்தியதை நக்கீரர் பாடியிருக்கிறார் (புறநானூறு 56). அந்தக் 'கலம்' கற்பனை இல்லை. 1945-இல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது இரட்டைக் கைப்பிடி வைத்த ஆம்போரா சாடிகளின் உடைசல்கள் வந்தன. பிற்பாடு எலிசபெத் வில் அவற்றை ஆராய்ந்து, கிரேக்கத்தின் கோஸ் தீவுச் சாடிகளும், அதே வடிவத்தில் இத்தாலியின் கம்பானியாவில் செய்தவையும் இருப்பதாகச் சொன்னார்.

கம்பானியா என்றால் வெசுவியஸ் எரிமலையைச் சுற்றியுள்ள பூமி. அங்கே போஸ்கோரியாலே என்ற ஊரில் 'வில்லா ரெஜினா' என்ற சின்னப் பண்ணைவீடு சாம்பலுக்கு அடியிலிருந்து அப்படியே கிடைத்திருக்கிறது. முற்றத்தில் 18 பெரிய தாழிகள், கழுத்து வரை மண்ணில் புதைத்தவை. மொத்தம் சுமார் 10,000 லிட்டர் பிடிக்கும். காலால் மிதித்து, மர நெம்புகோலால் பிழிந்த சாறு இந்தத் தாழிகளில் ஊற்றப்பட்டு, தானாகவே நுரைத்துப் புளிக்கும். உட்புறம் பிசின் பூச்சு. வசந்த காலத்தில் திறந்து சாடிகளுக்கு மாற்றுவார்கள். வீட்டைச் சுற்றிக் கொடிகளின் வேர் இருந்த குழிகள்கூட அப்படியே இருந்தன.

கோஸ் வகை மதுவுக்கு ஒரு விசேஷம்: அதில் கடல்நீர் கலப்பார்கள்! அறுவடைக்கு 70 நாள் முன்பு, காற்றில்லாத நாளில், ஆழ்கடலில் போய்த் தண்ணீர் மொண்டு வா என்று கேட்டோ என்ற ரோமானியர் செய்முறையே எழுதி வைத்திருக்கிறார். உப்பும் பிசினும் சேர்ந்ததால் அது கெடாமல் நெடும்பயணம் தாங்கியிருக்கும். ஊறுகாய் போடும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, இதில் லாபம் உண்டா? கொலுமெல்லா என்பவர் முதல் நூற்றாண்டிலேயே கணக்குப் போட்டிருக்கிறார். 7 யூகேரம் (சுமார் நாலரை ஏக்கர்) தோட்டம். நிலம் 7,000 செஸ்டர்ஸ். கொடி, ஊன்றுகோல் வகையில் 14,000. கொடி வளர்க்கத் தெரிந்த ஓர் அடிமை 8,000. ஆமாம், ஏழு யூகேரம் நிலத்தைவிட ஒரு மனிதனின் விலை கூடுதல். பேரேட்டில் அவனும் ஒரு முதலீட்டு இனம். முதல் இரண்டு வருடத்துக்கு 6 சதவீத வட்டி 3,480. ஆக மொத்தம் 32,480. மிக மோசமான விளைச்சலிலும் வருடம் 2,100 வரும், வட்டிக்கு விட்டால் 1,950தான் என்கிறார். ஆனால் ஆலை, தாழி, சாப்பாட்டுச் செலவு, தேய்மானம் எதையும் சேர்க்கவில்லை. இந்தக் கணக்கை எந்த ஆடிட்டரும் பாஸ் போட மாட்டார்.

இப்போது பானைக்குத் திரும்பலாம். ஒரு தங்கக் காசு 100 செஸ்டர்ஸ். ஆக 501 காசு என்றால் 50,100. கொலுமெல்லாவின் தோட்டம் ஒன்றரை வாங்கலாம். அவர் கணக்கில் ஒரு சாடி (சுமார் 26 லிட்டர்) தோட்டத்து விலை 15 செஸ்டர்ஸ். இந்தப் பானைக்கு ஈடாக 3,340 சாடி இறக்க வேண்டும். அந்தத் தோட்டத்தின் குறைந்தபட்ச விளைச்சல் வருடம் 140 சாடி, அதாவது ஏறக்குறைய 24 வருட உழைப்பு! தமிழ்க் கரையில் விலை நிச்சயம் ஏறியிருக்கும், சாடிகளின் எண்ணிக்கையும் அதற்கேற்பக் குறையும். ஆனாலும் இங்கே அதற்குச் சந்தை சின்னது. முசிறிப் பக்கம் மது இறங்கும், ஆனால் அதிகமில்லை, காசுதான் நிறைய என்று 'பெரிப்ளூஸ்' கடற்பயண நூல் தெளிவாகவே சொல்கிறது. கள்ளும் தேறலும் வீட்டு வாசலிலேயே கிடைத்த நாட்டில் சாமானியன் எதற்குக் கடல்நீர் கலந்த மதுவை வாங்கப் போகிறான்? அரசன் வாங்கினான், கூடவே கொஞ்சம் வசதிக்காரர்கள். மிச்சத்தைத் தங்கமாக எடுத்து வைக்க வேண்டியதாயிற்று. இந்தியா வருடத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் உறிஞ்சுகிறது என்று பிளினி புலம்பியது இந்தப் பற்றாக்குறையைத்தான்.

கருக்காக்குறிச்சிக் காசுகளில் கடைசி முகமான வெஸ்பாசியன் கி.பி. 79-இல் இறந்தார். சில மாதங்களில் வெசுவியஸ் வெடித்தது. பிளினியும் அந்தப் புகையில்தான் செத்தார். வில்லா ரெஜினாவின் 18 தாழிகளும் அதே வாரத்தில் மூடப்பட்டன.